கட்டுமான மேலாண்மை படிக்க எந்த இளநிலைப் பட்டம் வேண்டும்? புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் என்னிடம் வரும் கேள்விகளில் இது தவறாமல் இருக்கும்: "பையன் கன்ஸ்ட்ரக்‌ஷன் மேனேஜ்மென்ட் படிக்கணும்னு சொல்றான், எந்த காலேஜ்ல சேர்க்கலாம்?" நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெயரில் இளநிலைப் பட்டம் தேடி அலைய வேண்டாம். நம் நாட்டில் கட்டுமான மேலாண்மை பெரும்பாலும் முதுநிலையில் படிக்கும் பாடம். அதற்குக் கீழே போட வேண்டிய அஸ்திவாரம் பி.இ. சிவில். சிலருக்கு பி.ஆர்க். மற்ற பட்டங்களில் இருந்தும் வரலாம். ஆனால் திறக்கும் கதவுகள் குறைவு.

பெயரைப் பார்த்து மயங்கி, பி.பி.ஏ. கட்டுமான மேலாண்மை போன்ற மூன்றாண்டுப் படிப்பில் பெருந்தொகை கட்டிச் சேர்ந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்தப் படிப்பே வீண் என்று சொல்ல மாட்டேன். ரியல் எஸ்டேட் விற்பனை, கொள்முதல், ஒப்பந்தப் பிரிவு போன்ற வேலைகளுக்கு அது உதவும். ஆனால் டி.என்.பி.எஸ்.சி. உதவிப் பொறியாளர் தேர்வை அந்தப் பட்டத்தை வைத்து எழுத முடியாது. சவூதி போனால் அங்குள்ள பொறியாளர் கவுன்சிலில் பொறியாளராகப் பதிய, பொறியியல் பட்டம் கேட்பார்கள். சைட்டில் வரைபடத்தைக் கையில் வாங்கிக்கொண்டு "இந்த பீம் கம்பி சரியில்லை, பிரித்துக் கட்டு" என்று சொல்லும் அதிகாரமும் பொறியியல் படித்தவருக்குத்தான் எளிதில் கிடைக்கும். இதையெல்லாம் சேரும் முன்பே தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

படி 1: பிளஸ் ஒன் சேரும்போதே குரூப்பைப் பாருங்கள்

கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் இருக்க வேண்டும். நான்காவது பாடம் கணினி அறிவியலா உயிரியலா என்பது பெரிய விஷயமில்லை. கணிதம் இல்லாத உயிரியல் குரூப்போ காமர்ஸ் குரூப்போ எடுத்துவிட்டால், பொதுக் கல்விப் பிரிவு வழியாக பி.இ. சிவிலில் சேர முடியாது. தொழிற்கல்விப் பிரிவில் பொறியியல் சார்ந்த பாடம் எடுத்தவர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு.

பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக் போக நினைப்பவர்களுக்குக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன். அது மட்டமான வழி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

படி 2: எந்தப் பட்டம்? உங்கள் ஆர்வத்தைப் பொறுத்தது

பி.இ. அல்லது பி.டெக். சிவில்தான் முதல் தேர்வு. நான்கு ஆண்டு. ஐஐடி, என்ஐடி, அண்ணா பல்கலைக்கழகம், தனியார் நிறுவனங்கள் என எல்லா இடத்திலும் கட்டுமான மேலாண்மை முதுநிலைப் படிப்புக்குக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும் பட்டம் இதுதான்.

பி.ஆர்க். ஐந்தாண்டுப் படிப்பு. வடிவமைப்பில் உண்மையான ஆசை இருந்தால் மட்டும் இந்தப் பக்கம் வாருங்கள். கட்டடக்கலைஞராகப் படித்துவிட்டு திட்ட மேலாண்மைக்கு வருபவர்கள் நிறைய. டெல்லியில் உள்ள திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளியின் கட்டடப் பொறியியல் மற்றும் மேலாண்மை முதுநிலைப் படிப்பில் ஆர்க்கிடெக்டுகளும் சிவில் பொறியாளர்களும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து படிக்கிறார்கள். பி.ஆர்க். சேர நாட்டா என்னும் கட்டடக்கலை நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் நாட்டா மதிப்பெண் 200-க்கும் பிளஸ் டூ மதிப்பெண் 200-க்குமாக, 400-க்குத் தரவரிசை போடுவார்கள்.

மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் படித்தவர்களுக்கும் இடம் இருக்கிறது. மருத்துவமனை, விமான நிலையம், டேட்டா சென்டர் போன்ற கட்டடங்களில் குளிரூட்டல், மின்சாரம், தண்ணீர், தீத்தடுப்பு வேலைகள் திட்டச் செலவில் கணிசமான பங்கை எடுத்துக்கொள்கின்றன. சைட்டில் இதை எம்.இ.பி. என்பார்கள். ஆனால் ஐஐடி, அண்ணா பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் எம்.டெக்., எம்.இ. சேரும்போது உங்கள் இளநிலைப் பிரிவைப் பார்ப்பார்கள். கட்டுமானத் துறைக்கென்றே இருக்கும் நிக்மார் போன்ற தனி நிறுவனங்கள்தான் எல்லாப் பொறியியல் பிரிவினரையும் தாராளமாக எடுத்துக்கொள்கின்றன.

பி.காம்., பி.எஸ்சி. முடித்துவிட்டு இந்தத் துறைக்கு வர நினைப்பவர்களுக்கு எம்.பி.ஏ. வழி உண்டு. கணிதம் படித்த பி.எஸ்சி. பட்டதாரிகள் நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ. சேர்க்கைக்கும் விண்ணப்பிக்கலாம். இது பலருக்குத் தெரிவதில்லை.

படி 3: டி.என்.இ.ஏ. கணக்கு

டி.என்.இ.ஏ. எனப்படும் தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கு நுழைவுத் தேர்வு இல்லை. கட்-ஆஃப் 200-க்கு. கணிதம் அப்படியே 100. இயற்பியலும் வேதியியலும் பாதியாக்கி 50, 50. கணிதத்தில் 84, இயற்பியலில் 76, வேதியியலில் 80 என்றால் 84 + 38 + 40, அதாவது 162. கணிதத்தில் கூடும் ஒரு மதிப்பெண், மற்ற இரண்டிலும் தலா ஒரு மதிப்பெண் கூடுவதற்குச் சமம் என்பதைப் படிக்கும்போதே மனதில் வையுங்கள்.

தகுதிக்கு மூன்று பாடங்களின் சராசரி, பொதுப் பிரிவினருக்கு 45 சதவீதம், மற்ற இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 சதவீதம் வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அந்த இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சலுகையும் உண்டு. தாசில்தார் அலுவலகச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். கலந்தாய்வு நேரத்தில் இ-சேவை மையத்தில் வரிசை நீளும்.

சிவிலுக்கு இப்போது கம்ப்யூட்டர் சயின்ஸ் அளவுக்கு அடிதடி இல்லை. இதை நான் நல்ல செய்தியாகவே பார்க்கிறேன். கம்ப்யூட்டர் பிரிவுக்கு சாதாரணக் கல்லூரி மட்டுமே கிடைக்கும் கட்-ஆஃபில், சிவிலுக்கு நல்ல அரசுக் கல்லூரியோ அரசு உதவிபெறும் கல்லூரியோ கிடைக்க வாய்ப்பு உண்டு. கிண்டி, கோவை ஜி.சி.டி., சேலம், திருநெல்வேலி, காரைக்குடி அரசுக் கல்லூரிகள், மதுரை தியாகராஜர், கோவை பி.எஸ்.ஜி., சி.ஐ.டி. என்று விருப்பப் பட்டியலை நீளமாகவே போடுங்கள். கிண்டிக் கல்லூரியே 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியதுதான். நம் ஊர்ப் பொறியியல் கல்வியின் வேர் இந்தத் துறையில்தான் இருக்கிறது.

திருச்சி என்ஐடிக்கு ஜேஇஇ மெயின். ஐஐடிக்கு அதற்கு மேல் அட்வான்ஸ்டு. இவற்றுக்குத் தயாராகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது என்பதால் அதிகம் விரிக்கவில்லை.

படி 4: டிப்ளமோ வழி

பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டு டிப்ளமோ சிவில் முடித்தால், நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். இதற்கென்று தனிக் கலந்தாய்வு நடக்கிறது. பாலிடெக்னிக்கில் வரைபடமும் சர்வேயும் கைவேலையாகச் சொல்லித் தருவார்கள். பிளஸ் டூ வழியாக வரும் பையன் லெவல் கருவியை முதல்முறை தொடும்போது, டிப்ளமோ படித்தவன் அதைப் பொருத்தி அளவே எடுத்துவிடுவான். ஆனால் இரண்டாம் ஆண்டில் வரும் உயர் கணிதத்தில் டிப்ளமோ மாணவர்கள் திணறுவதும் உண்மை. சேரும் முன் இருக்கும் விடுமுறையில் வகையீடு, தொகையீடு இரண்டையும் ஒருமுறை ஓட்டிவிட்டு வாருங்கள்.

டிப்ளமோ முடித்து வேலையில் இருப்பவர்களுக்குப் பகுதிநேர பி.இ. இருக்கிறது. தொலைதூரக் கல்வியில் பி.இ. என்று யாராவது விளம்பரம் செய்தால் பணம் கட்டாதீர்கள்; பொறியியலைத் தொலைதூர முறையில் நடத்த அனுமதி இல்லை. கல்லூரிக்குப் போகாமலே பொறியாளர் சங்கம் நடத்தும் ஏ.எம்.ஐ.இ. தேர்வு எழுதி முன்னேறியவர்கள் பழைய தலைமுறையில் நிறைய. ஆனால் 2013 மே 31 வரை அதில் பதிந்தவர்களுக்குத்தான் பட்டத்துக்கு இணையான அங்கீகாரம் என்று மத்திய அரசு வரம்பு வைத்தது. மாமா, சித்தப்பா சொன்னார் என்று இப்போது அதில் இறங்க வேண்டாம்.

படி 5: கல்லூரியில் எதைப் பார்ப்பது

தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் அனுமதி கட்டாயம். சிவில் துறைக்கு என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரிக்கு இருக்கிறது என்பார்கள், துறைக்கு இருக்கிறதா என்று திருப்பிக் கேளுங்கள். கான்கிரீட் ஆய்வகத்துக்குள் ஒரு நடை போய்வாருங்கள். கனசதுர அச்சுகள் எண்ணெய்ப் பூச்சோடு புழக்கத்தில் இருக்கின்றனவா, தூசி படிந்து கிடக்கின்றனவா என்பதைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

படி 6: நான்கு ஆண்டில் எதைக் கற்றுக்கொள்வது

இதைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன். பட்டம் என்பது உள்ளே விடும் சீட்டு. முதுநிலை நேர்காணலிலும், அதற்குப் பிறகு வேலையிலும் உங்களைத் தாங்கப்போவது மூன்று திறமைகள்: அளவு எடுப்பது, வேலையை வரிசைப்படுத்துவது, அந்த இரண்டையும் பணமாக மாற்றிப் பார்ப்பது.

ஒரு சின்ன உதாரணம். 6 மீட்டருக்கு 4 மீட்டர் அறை ஒன்றுக்கு 125 மில்லிமீட்டர் கனத்தில் தளம் போட வேண்டும். கன அளவு 6 × 4 × 0.125, அதாவது 3 கன மீட்டர். சிமென்ட், மணல், ஜல்லி 1:1.5:3 கலவை என்றால் ஒரு கன மீட்டருக்கு சுமார் 8 மூட்டை சிமென்ட். மொத்தம் 24 மூட்டை. இதோடு எஸ்டிமேட் போடுபவர் நிறுத்திக்கொள்வார்.

கட்டுமான மேலாளரின் வேலை அங்கேதான் தொடங்குகிறது. கான்கிரீட் இறுகும் வரை தளத்தைத் தாங்கும் சென்ட்ரிங் முட்டுகளை எப்போது எடுக்கலாம்? கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456-ன்படி, சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட் போட்ட தளத்தில், இடைவெளி 4.5 மீட்டர் வரை இருந்தால் முட்டுகளை 7 நாள் வைத்திருக்க வேண்டும். அதைத் தாண்டினால் 14 நாள். நம் அறையின் குறுகிய பக்கம் 4 மீட்டர், ஆக 7 நாள். பிபிசி (போசோலானா கலந்த) சிமென்ட் என்றால் இன்னும் சில நாள் கூட்ட வேண்டியிருக்கும். பக்கத்திலேயே 6 மீட்டருக்கு மேல் நீளும் ஒரு பீம் இருந்தால் அதன் முட்டு 21 நாள் நிற்க வேண்டும்.

இப்போது யோசியுங்கள். சைட்டில் ஒரு தளத்துக்கான சட்டரிங் பலகையும் முட்டும்தான் இருக்கின்றன. அடுத்த தளம் 7 நாளில் தொடங்குமா, 21 நாளில் தொடங்குமா? இடையில் கம்பி கட்டும் குழுவுக்கு என்ன வேலை கொடுப்பது? வேலை இல்லை என்றால் அவர்கள் வேறு சைட்டுக்குப் போய்விடுவார்கள். திரும்பக் கூட்டி வருவது லேசில்லை. கூடுதலாக ஒரு செட் முட்டு வாடகைக்கு எடுத்தால் ஆகும் செலவு அதிகமா, இரண்டு வாரம் தாமதத்தால் ஆகும் செலவு அதிகமா? இந்தக் கேள்விகளுக்குத் தாளில் கணக்குப் போட்டுப் பதில் சொல்வதுதான் கட்டுமான மேலாண்மை. நெருக்கடிப் பாதை முறை என்று பாடத்தில் வரும் சி.பி.எம்., 1957 வாக்கில் அமெரிக்காவில் டூபான்ட் நிறுவனத்தின் ரசாயன ஆலை வேலைகளுக்காக உருவானது. அது செய்வதும் இதைத்தான்: எந்த வேலை ஒரு நாள் தள்ளினால் மொத்தத் திட்டமும் ஒரு நாள் தள்ளும் என்று கண்டுபிடித்துச் சொல்கிறது.

இதற்காக ஒவ்வோர் ஆண்டும் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

முதலாம் ஆண்டில் ஆட்டோகேட். வரைபடத்தைப் பார்த்தவுடன் கட்டடம் மனக்கண்ணில் எழும் வரை பழகுங்கள்.

இரண்டாம் ஆண்டு விடுமுறையில் உங்கள் தெருவில் கட்டும் ஒரு வீட்டுக்குப் போய் மேஸ்திரியிடம் அனுமதி கேட்டு நில்லுங்கள். கொத்தனார் ஒருவரும் சித்தாள் ஒருவரும் சேர்ந்து ஒரு நாளில் எத்தனை செங்கல் வைக்கிறார்கள், வெயில் ஏறினால் எவ்வளவு குறைகிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். புத்தகத்தில் இருக்கும் உற்பத்தித் திறன் எண்ணும் உங்கள் நோட்டில் இருக்கும் எண்ணும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று யோசித்தாலே நிறைய விளங்கும். அண்ணே, அக்கா என்று மரியாதையாகக் கேட்டால் அவர்கள் சொல்லித் தருவதை எந்த வகுப்பிலும் கேட்க முடியாது.

மூன்றாம் ஆண்டில் எஸ்டிமேஷனை உயிராகப் பிடியுங்கள். தேர்வுக்கு மட்டும் படித்துவிட்டு விட்டுவிடும் பாடமில்லை அது. எம்-புக் (சைட்டில் எடுத்த அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகம்) எழுதும் முறையையும் ஐ.எஸ். 1200 அளவு விதிகளையும் பழகுங்கள். சிமென்ட் பூச்சு அளக்கும்போது 0.5 சதுர மீட்டருக்கு மேற்படாத திறப்புகளைக் கழிப்பதில்லை. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, இரு பக்கமும் ஒரே பூச்சு என்றால், ஒரு பக்கம் மட்டும் கழிப்பார்கள். பெரிய குடியிருப்புத் திட்டத்தில் இந்த ஒரு விதியைச் சரியாகப் போடுகிறோமா இல்லையா என்பதில் பில் தொகையே மாறிவிடும். பொதுப்பணித் துறை விலைப்பட்டியலைத் தரவிறக்கி, ஒரு வேலைக்கான விலைப் பகுப்பாய்வை நீங்களே போட்டுப் பாருங்கள். வேலை அட்டவணை போடும் மென்பொருள்களில் எம்.எஸ். புராஜெக்ட், பிரைமவேரா இரண்டில் ஒன்று போதும். மென்பொருள் பயிற்சி மையத்தில் பெரிய தொகை கட்டும் முன், முப்பது வேலைகள் கொண்ட ஒரு அட்டவணையைக் கையால் தாளில் வரைய முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் மென்பொருள் உதவாது.

விருப்பப் பாடம் தேர்வு செய்யும் வாய்ப்பு வரும்போது ஃபார்ம்வொர்க் (கான்கிரீட் வார்க்கும் அச்சு வேலை), கட்டுமான இயந்திரங்கள், ஒப்பந்தச் சட்டம், பாதுகாப்பு ஆகியவற்றை எடுங்கள். சுலபமாக மதிப்பெண் போடுவார்கள் என்று வேறு பாடத்துக்கு ஓடாதீர்கள். கட்டடத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் (1996-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதில் 2025-ல் புதிய தொகுப்புச் சட்டம் வந்தது), ரெரா எனப்படும் 2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இரண்டும் என்ன சொல்கின்றன என்றாவது தெரிந்திருக்க வேண்டும். பாதுகாப்பை நான் கடைசியில் எழுதினாலும் அது கடைசி இல்லை. சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தால், அட்டவணையும் பட்ஜெட்டும் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை.

படி 7: முதுநிலைக்கான வாசல்கள்

கேட் என்னும் அகில இந்தியப் பொறியியல் முதுநிலை நுழைவுத் தேர்வை மூன்றாம் ஆண்டு படிக்கும்போதே எழுதலாம். மதிப்பெண் மூன்று ஆண்டுக்குச் செல்லும். சிவில் தாளின் பாடத்திட்டத்திலேயே கட்டுமானப் பொருள்களும் மேலாண்மையும் ஒரு பகுதி, பெர்ட், சி.பி.எம். என்னும் திட்டமிடல் முறைகள், செலவு மதிப்பீடு எல்லாம் வரும். மொத்தம் 65 கேள்வி, 100 மதிப்பெண், 3 மணி நேரம். அதில் 15 மதிப்பெண் பொதுத் திறனுக்கு. ஆர்க்கிடெக்டுகளுக்குத் தனித் தாள் உண்டு. கேட் வழியாக எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான்.

சென்னை ஐஐடியில் கட்டடத் தொழில்நுட்பம், கட்டுமான மேலாண்மைக்கென்று சிவில் துறைக்குள் தனிப் பிரிவே இருக்கிறது. டெல்லி ஐஐடியிலும் இந்தப் படிப்பு உண்டு. எல் அண்ட் டி நிறுவனம் பில்ட் இந்தியா என்ற உதவித்தொகைத் திட்டத்தில், இறுதியாண்டு மாணவர்களைத் தேர்வும் நேர்காணலும் வைத்து எடுத்து, ஐஐடி போன்ற இடங்களில் எம்.டெக். படிக்க வைக்கிறது, படித்து முடித்ததும் குறிப்பிட்ட காலம் அங்கேயே பணியாற்ற ஒப்பந்தம் போட வேண்டும். சைட் வேலை பிடித்தவர்களுக்கு இது அருமையான வாய்ப்பு.

கேட் கைகொடுக்காவிட்டால் அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் சீட்டா பி.ஜி. நுழைவுத் தேர்வு இருக்கிறது. 2023 முதல் எம்.இ., எம்.டெக். சேர்க்கைக்கு முன்பிருந்த டான்செட் தேர்வுக்குப் பதில் இதுதான். எம்.இ. கட்டுமானப் பொறியியல் மற்றும் மேலாண்மை என்ற பெயரில் தேடுங்கள். விண்ணப்பிக்கும் முன் தகுதிப் பட்டியலில் உங்கள் பட்டத்தின் பெயர் எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

புனேயில் இருக்கும் நிக்மார், கட்டுமானத் துறைக்கென்றே 1983-ல் உருவான நிறுவனம். வேலைவாய்ப்புத் தொடர்புகள் நல்லவை. கட்டணம் கூடுதல். கல்விக் கடன் வாங்கும் முன் மாதத் தவணையையும் தொடக்கச் சம்பளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

பி.இ. முடித்த கையோடு முதுநிலையா, வேலைக்குப் போய்விட்டு வருவதா? என் அபிப்பிராயம் தெளிவு: ஓரிரண்டு ஆண்டு சைட்டில் நின்றுவிட்டு வாருங்கள். ஒப்பந்ததாரர் பில்லில் வந்த தகராறையோ, மழையில் நின்றுபோன வேலையையோ நேரில் பார்த்தவருக்கு வகுப்பில் சொல்வது உடனே பிடிபடும். வேலைக்குப் போனால் படிப்பு விட்டுப்போகும் என்று பயப்படும் வீடுகளில், கேட் மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும் என்பதை எடுத்துச் சொல்லுங்கள்.

வெளிநாடு போக நினைப்பவர்களுக்கு

அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியாவில் கட்டுமான மேலாண்மைக்கு நேரடி இளநிலைப் பட்டமே உண்டு. கட்டுமானப் படிப்புகளை அங்கீகரிக்கும் அமைப்புகளான அமெரிக்காவின் ஏ.சி.சி.இ., பிரிட்டனின் சி.ஐ.ஓ.பி. அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துச் சேர வேண்டும். இங்கே பி.இ. முடித்துவிட்டு முதுநிலைக்குப் போகிறவர்களுக்கு நான்காண்டுப் பட்டம் கைகொடுக்கும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல பதினாறு ஆண்டுக் கல்வியை எதிர்பார்ப்பதால், மூன்றாண்டுப் பட்டதாரிகளுக்கு அங்கே சிக்கல் வரலாம். இலங்கையில் இருப்பவர்கள் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் அளவைக் கணிப்பு (குவான்டிட்டி சர்வேயிங்) பட்டப்படிப்பைக் கவனியுங்கள். செலவு, ஒப்பந்தப் பக்கத்துக்கு நேராகக் கொண்டுபோய் விடும் படிப்பு அது.

திட்ட மேலாளர்களுக்கான சர்வதேசச் சான்றிதழான பி.எம்.பி. பற்றியும் கேட்கிறார்கள். நான்காண்டுப் பட்டம் இருந்தால் 36 மாதத் திட்ட மேலாண்மை அனுபவம் காட்ட வேண்டும்; பட்டம் இல்லாதவர்களுக்கு 60 மாதம். கல்லூரியை விட்டு வந்தவுடன் எழுதும் தேர்வு இல்லை அது. அனுபவம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கையில் சேர்த்து வைக்க வேண்டியவை: எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்கள், டிரான்ஸ்கிரிப்ட், பட்டச் சான்றிதழ், பயிற்சிக்குப் போன இடத்தில் தேதியோடு வாங்கிய கடிதம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எந்தத் திட்டம், எத்தனை சதுர அடி, உங்கள் பொறுப்பு என்ன என்று ஒரு பக்கத்தில் எழுதி, மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். வளைகுடாவுக்குப் போகிறவர்கள் சான்றிதழ்களுக்கு அரசு அட்டஸ்டேஷன் வாங்க வேண்டும்; விசா வந்த பிறகு ஓடினால் நாள் போதாது, பட்டம் கைக்கு வந்ததுமே அதை ஆரம்பித்துவிடுங்கள்.